லேசர் கண் சிகிச்சையை எந்த வயதில் எண்ணிப் பார்க்கலாம்?

பதினெட்டு வயது நிறைந்ததும் லேசர் சிகிச்சை செய்துகொண்டு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடலாம் என்ற எண்ணம் கல்லூரி மாணவர்களிடமும் அவர்களின் பெற்றோரிடமும் பரவலாக இருக்கிறது. ஆனால் 18 என்பது கீழ் எல்லை மட்டுமே. அந்த வயதில் செய்துகொள்ளுங்கள் என்ற பரிந்துரை அன்று. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்தச் சிகிச்சைக்கான எக்ஸைமர் லேசர் கருவிகளுக்கு ஒப்புதல் அளித்தபோது, கருவியையும் பார்வைக் குறையின் வகையையும் பொறுத்து குறைந்தபட்ச வயதைச் சிலவற்றுக்கு 18 என்றும் சிலவற்றுக்கு 21 என்றும் வைத்தது; 2016இல், கருவிழியில் சிறு கீறல் வழியே திசுவை எடுக்கும் ஸ்மைல் என்னும் லேசர் முறைக்கு ஒப்புதல் தந்தபோது 22 என்று வைத்தது. இந்த எண்கள் எல்லாம் ஒரே கேள்விக்குத் தரப்பட்ட தோராயமான விடைகள்: உங்கள் கண்ணின் பவர் மாறுவது நின்றுவிட்டதா? பிறந்த தேதியைவிட இந்தக் கேள்விக்கான விடைதான் முக்கியம். அதை எப்படிக் கண்டறிவது, விடை கிடைத்த பிறகு வேறு எவற்றைப் பார்ப்பது என்பதை வயது வாரியாக இங்கே விளக்குகிறேன்.

பவர் நிற்பது என்றால் என்ன?

கிட்டப்பார்வை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு விழிக்கோளம் முன்பின்னாகச் சற்று நீண்டிருக்கும். தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்பாகவே குவிந்துவிடுவதால் பலகையில் எழுதியது மங்கலாகத் தெரிகிறது. லேசர் சிகிச்சை இந்த நீளத்தைத் தொடுவதே இல்லை. கண்ணின் முன்புறத்தில் ஒளி ஊடுருவும் படலமாக இருக்கும் கருவிழியின் (கார்னியா) வளைவைச் சற்றுத் தட்டையாக்கி, பிம்பம் விழித்திரையின் மேல் விழும்படி செய்கிறது, அவ்வளவுதான். கண் இன்னும் நீண்டுகொண்டிருக்கும் வயதில் இதைச் செய்தால், வளர்கிற பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையின் கதைதான். சிகிச்சை முடிந்த அன்று பார்வை தெளிவாக இருக்கும். ஓரிரு ஆண்டுகளில் மைனஸ் 0.75, மைனஸ் 1 என்று கண்ணாடி மெதுவாகத் திரும்பி வரும்.

கிட்டப்பார்வை எந்த வயதில் நிற்கிறது என்பதற்கு ஓரளவு நல்ல தரவு இருக்கிறது. கிட்டப்பார்வை உள்ள குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்காவின் காமெட் ஆய்வில், 15 வயதுக்குள் ஏறத்தாழ பாதிப்பேருக்கும், 18 வயதுக்குள் 77 விழுக்காட்டினருக்கும், 21 வயதுக்குள் 90 விழுக்காட்டினருக்கும், 24 வயதுக்குள் 96 விழுக்காட்டினருக்கும் பவர் நிலைபெற்றிருந்தது. அதாவது, பதினெட்டாம் பிறந்தநாளன்று நான்கில் ஒருவருக்கு அது இன்னும் நிலைபெற்றிருக்கவில்லை. இருபத்தொன்றில் அந்த ஐயம் பத்தில் ஒருவராகக் குறைந்துவிடுகிறது. மூன்று ஆண்டுக் காத்திருப்பு தரும் பலன் சிறிதன்று என்பதால், அவசரக் காரணம் ஏதும் இல்லாதவர்கள் 21 அல்லது 22 வரை பொறுத்திருப்பதே நல்லது என்பது என் கருத்து. முனைவர் பட்டம், மென்பொருள் வேலை என்று நாள் முழுவதும் கிட்டத்திலேயே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் சிலருக்கு இருபதுகளின் நடுவிலும் பவர் சிறிது சிறிதாக ஏறுவது உண்டு. அவர்கள் தம் பழைய சீட்டுகளைக் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும்.

பழைய சீட்டுகளை எடுத்து வையுங்கள்

முதல் வேலைக்கு மருத்துவமனை தேவையில்லை. கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் கண் பரிசோதனை செய்தபோது தந்த சீட்டுகளைத் தேடி எடுங்கள். சீட்டு தொலைந்திருந்தால், கண்ணாடிக் கடையில் பழைய கண்ணாடியைக் கொடுத்தாலே அதில் உள்ள பவரைக் கருவியில் வைத்து அளந்து சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு சீட்டிலும் ஸ்பியர் என்ற எண்ணுடன் சிலிண்டர் எண்ணின் பாதியைக் கூட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, ஸ்பியர் மைனஸ் 3.00, சிலிண்டர் மைனஸ் 1.00 என்றால் கூட்டுப் பவர் மைனஸ் 3.50. கடந்த பன்னிரண்டு மாதங்களில் இந்த எண் 0.50க்கு மேல் மாறாதிருந்தால் நிலைபெற்றுவிட்டதாகப் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள். இருபத்தைந்துக்குக் கீழே உள்ளவர்கள் இரண்டு ஆண்டுக் கணக்கைப் பார்ப்பது இன்னும் பாதுகாப்பானது. 0.25 வேறுபாடு சோதிப்பவர் மாறினாலே வரக்கூடியது; அதைக் கண்டு கலங்க வேண்டாம். ஆனால் ஆண்டுக்கு 0.25 வீதம் தொடர்ந்து ஒரே திசையில் ஏறிக்கொண்டே வந்திருந்தால், ஒவ்வோர் ஆண்டும் வரம்புக்குள் இருந்தாலும் அது நின்ற பவர் ஆகாது.

இளம் வயதினருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அவர்களின் கண்தசைகள் வலுவாகச் சுருங்கி, உண்மையில் உள்ளதைவிட அதிக மைனஸ் பவரைக் காட்டிவிடக்கூடும். ஆகவே லேசருக்கு முந்தைய சோதனையில், சொட்டு மருந்து போட்டுக் கண்பாவையை விரித்து, தசையைத் தளர்த்திய பிறகு மீண்டும் ஒருமுறை பவர் பார்க்க வேண்டும். அன்று சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்து எழுத்து தெரியாது. வண்டி ஓட்டிக்கொண்டு தனியாகப் போகாமல் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அளவெடுப்பதற்கு முன்பே அதை நிறுத்தியாக வேண்டும். மென் லென்ஸ் என்றால் ஒன்று அல்லது இரண்டு வாரம், கடின லென்ஸ் என்றால் குறைந்தது மூன்று நான்கு வாரம், சில சமயம் அதற்கும் மேல். லென்ஸ் கருவிழியை அழுத்தி வடிவத்தைத் தற்காலிகமாக மாற்றியிருக்கும் என்பதே காரணம். இதைச் சொல்லாமலேயே அளவெடுக்க அமர்த்தும் இடத்தில் சிகிச்சையையும் செய்துகொள்ள வேண்டாம்.

இள வயதில் மறைந்திருக்கும் ஆபத்து

பவர் திரும்பி வருவதால் தொந்தரவுதான், பெரிய கேடில்லை. பதினெட்டில் அவசரப்படுவதன் உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. கெரட்டோகோனஸ் என்னும் கூம்புக் கருவிழி நோய் பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கி இருபதுகளில் முற்றுகிறது. அந்நோயில் கருவிழி மெலிந்து முன்னோக்கிக் கூம்புபோல் பிதுங்கும். தொடக்கத்தில் அது சாதாரண சிலிண்டர் பவரைப் போலவே தோன்றும். கண்ணாடி போட்டால் பார்வையும் ஓரளவு தெளிவாகவே இருக்கும். இப்படி உள்ளுக்குள் பலவீனமான கருவிழியை லேசரால் மேலும் மெல்லியதாக்கினால், சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ அது தளர்ந்து பிதுங்கத் தொடங்கும். அந்த நிலைக்கு எக்டேசியா என்று பெயர். அதைத் தடுத்து நிறுத்த, கருவிழியின் இழைகளைப் பிணைத்து உறுதியாக்கும் கொலாஜன் கிராஸ்லிங்கிங் சிகிச்சை தேவைப்படும். முற்றிப்போனால் கருவிழி மாற்று அறுவையில் கொண்டுபோய் விடலாம்.

பத்தொன்பது வயதில் இயல்பாகத் தெரியும் கருவிழி இருபத்து மூன்றில் நோயின் அடையாளத்தைக் காட்டலாம். காத்திருப்பதன் பலன் இங்கேதான் முழுமையாக வெளிப்படுகிறது. எக்டேசியா ஆபத்தை மதிப்பிட மருத்துவர்கள் பயன்படுத்தும் ரேண்டில்மேன் மதிப்பெண் முறையில் வயதுக்கே தனி மதிப்பெண் இருக்கிறது. 18 முதல் 21 வரை மூன்று, 22 முதல் 25 வரை இரண்டு, 26 முதல் 29 வரை ஒன்று, முப்பதைக் கடந்தால் பூஜ்யம். மொத்தம் நான்கு வந்தாலே அதிக ஆபத்து என்று கருதப்படும் அம்முறையில், பத்தொன்பது வயதுக்காரர் வேறு எந்தக் குறையும் இல்லாமலே மூன்று மதிப்பெண்ணுடன்தான் தொடங்குகிறார்.

அண்ணன், அக்கா, பெற்றோர் எவருக்கேனும் கூம்புக் கருவிழி இருந்தாலும், சிறு வயது முதல் ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தாலும், சிலிண்டர் பவர் மட்டும் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வந்தாலும் அதை மருத்துவரிடம் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கருவிழியின் முன்புறம், பின்புறம் இரண்டையும் படமெடுக்கும் பென்டகாம் போன்ற ஸ்கேன் இல்லாமல், வெறும் பவர் சோதனையை மட்டும் வைத்துக்கொண்டு சிகிச்சைக்கு நாள் குறிக்கும் இடத்தை விட்டு வெளியே வந்துவிடலாம்.

பதினெட்டுக்கும் கீழே இந்தச் சிகிச்சை அறவே செய்யப்படுவதில்லை என்று சொல்ல முடியாது. ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் பவர் பெரிதும் வேறுபட்டு, கண்ணாடியும் லென்ஸும் ஒத்துக்கொள்ளாமல், ஒரு கண் சோம்பிப்போகும் நிலையில் உள்ள சில குழந்தைகளுக்குச் சிறப்பு மையங்களில் செய்கிறார்கள். கண்ணாடியை விடுவதற்கான சிகிச்சை அன்று அது; பார்வையைக் காப்பாற்றும் முயற்சி.

கருவிழியின் கனக் கணக்கு

வயது சரியாக இருந்தாலும் கருவிழியின் கனம் இடம் கொடுக்க வேண்டும். சராசரிக் கருவிழி மையத்தில் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான கனம் கொண்டது. சுமார் 520 முதல் 540 மைக்ரான். எக்ஸைமர் லேசர் 193 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட புற ஊதாக் கதிர். ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறத்தாழ கால் மைக்ரான் அளவே, சுற்றியுள்ள திசு வெந்துபோகாமல் அகற்றும். 1981இல் ஐபிஎம் ஆய்வகத்தில் இந்தப் பண்பைக் கண்டறிந்த மூவரில் ஒருவர், 1929இல் சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி சீனிவாசன். அமெரிக்கர்களின் நன்றி கூறும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில்தான் அவர் அதை முதலில் சோதித்துப் பார்த்தார் என்பது அறிவியல் வரலாற்றில் நிலைத்துவிட்ட செய்தி.

கணக்குக்கு வருவோம். ஒரு டயாப்டர் (பவரின் அலகு; மைனஸ் 1 என்றால் ஒரு டயாப்டர்) பவரைக் குறைக்கத் தோராயமாக 12 முதல் 16 மைக்ரான் திசு அகற்றப்படுகிறது. மைனஸ் 4 உள்ளவருக்கு, டயாப்டருக்கு 15 என்று வைத்தால், 60 மைக்ரான். கருவிழியின் மேற்பகுதியை மடல்போலத் திறந்து அதன் அடியில் லேசர் செலுத்தும் லேசிக் முறையில், அந்த மடலுக்கு 110 மைக்ரான் என்று கொண்டால், 520 மைக்ரான் கருவிழியில் கீழே 350 மிஞ்சும்; நல்ல நிலை. அதே கருவிழி மைனஸ் 8 உள்ளவருக்கு இருந்தால் 120 மைக்ரான் அகற்ற வேண்டியிருக்கும், மிஞ்சுவது 290. குறைந்தபட்சம் 250 மிஞ்ச வேண்டும் என்பது நெடுநாள் விதி. 300க்குக் கீழே போக இன்று பல மருத்துவர்கள் தயங்குகிறார்கள். மடலும் அகற்றிய திசுவும் சேர்ந்து மொத்தக் கனத்தில் 40 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற மற்றோர் அளவுகோலின்படியும் இவர் வெளியே நிற்கிறார். இத்தகையோருக்கு, கருவிழியைச் செதுக்காமல் கண்ணுக்குள் இயற்கை லென்ஸுக்கு முன்பாக மெல்லிய லென்ஸ் வைக்கும் ஐசிஎல் முறை பொருத்தமாக இருக்கலாம். அது பொதுவாக 21 முதல் 45 வயது வரை உள்ளவர்களுக்கு, கண்ணின் முன்னறையில் போதிய ஆழம் இருந்தால் செய்யப்படுகிறது. இள வயதில் லேசர் செய்து, பவர் திரும்பி, மறுமுறை திருத்த வேண்டி வந்தால், அப்போதும் இதே 520இலிருந்துதான் கழிக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இருபத்திரண்டு முதல் முப்பத்தைந்து வரை

பவர் நின்று, ஸ்கேன் நன்றாக இருந்து, கிட்டத்துப் பார்வையும் இயல்பாக இருக்கும் இந்தக் காலமே பலருக்கும் ஏற்ற காலம். நல்ல பார்வையைக் கண்ணாடியின்றி அதிக ஆண்டுகள் அனுபவிக்க முடிவதும் இப்போதுதான். ஆனால் வாழ்க்கையின் மற்ற ஏற்பாடுகளும் இதே ஆண்டுகளில் குவிகின்றன.

வரன் பார்க்கத் தொடங்கியதும் பெண்ணின் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும் என்று வீட்டார் அவசரப்படுத்துவது நம் ஊர்களில் இன்னும் நடக்கிறது. கண்ணாடியைக் குறையாகக் காணும் சம்பந்தத்தைப் பற்றி எனக்கு வேறு கருத்துகள் உண்டு. அது ஒருபுறம் இருக்கட்டும். மருத்துவ நோக்கில், பவர் நிலைபெறாத பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இந்த அவசரம் கேடு. அவளுக்கு ஸ்கேனும் பவரும் சரியாகவே இருந்தாலும், திருமண நாளுக்கு இரண்டு வாரம் முன்பு செய்துகொள்ளக் கூடாது. கண் எரிச்சல், வறட்சி, இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது ஆகியவை தணியச் சில மாதங்கள் ஆகலாம். கண் மை, முக ஒப்பனை ஆகியவற்றையும் சில வாரம் தவிர்க்கச் சொல்வார்கள். கருவுற்றிருக்கும்போதும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் ஹார்மோன் மாற்றத்தால் பவரும் கண்ணீர்ச் சுரப்பும் மாறக்கூடும் என்பதால் சிகிச்சையைத் தள்ளிவைக்க வேண்டும். பால் கொடுப்பதை நிறுத்தி, சில மாதங்கள் கழித்து மீண்டும் பவர் பார்த்து, நிலையாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பின்னரே தொடங்கலாம். முகப்பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடும் இளைஞர்கள் அதையும் சொல்ல வேண்டும். அது கண்ணை மிகவும் உலர வைக்கும். கட்டுப்படாத சர்க்கரை நோயிலும் பவர் ஊசலாடும். முடக்கு வாதம், லூபஸ் போன்ற நோய்கள் உள்ளவர்களுக்குக் கருவிழி ஆறுவதே கடினமாகலாம்.

வேலைக்காகச் செய்துகொள்பவர்கள் முதலில் அந்த வேலையின் மருத்துவ விதியைப் படியுங்கள். இந்தியப் படைப்பிரிவுகளில் லேசிக்கை ஏற்கும் பணிகளுக்கு, 20 வயதுக்கு முன் செய்திருக்கக் கூடாது, செய்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும், கருவிழி 450 மைக்ரானுக்குக் குறையக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகள் உள்ளன. ரயில்வேயின் உதவி லோகோ பைலட் பணிக்கோ, லேசிக் செய்துகொண்டவர் தகுதியற்றவர் என்றே அறிவிக்கை கூறுகிறது. கண்ணாடியைக் கழற்றினால் வேலை கிடைக்கும் என்று நம்பிச் செய்துகொண்டு, அதனாலேயே தகுதியை இழப்பதைவிடப் பரிதாபம் வேறில்லை. குத்துச்சண்டை, கபடி என்று முகத்தில் அடிபடும் விளையாட்டுகளில் இருப்பவர்கள், மடல் திறக்கும் லேசிக்குக்கு மாற்றாக மடலில்லாத பிஆர்கே அல்லது ஸ்மைல் முறையைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். பிஆர்கேயில் முதல் சில நாள் வலி அதிகம், பார்வை தெளியவும் கூடுதல் நாள் ஆகும். ஆனால் மடல் நகர்ந்துவிடும் அச்சம் இல்லை.

நாற்பதை நெருங்குபவர்களுக்கு

நாற்பதை ஒட்டி எல்லோருக்கும் வெள்ளெழுத்து வருகிறது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகி, கிட்டத்தில் குவியும் திறன் குறைவதே அது. கருவிழியில் செய்யும் லேசர் அதைத் தடுக்காது. இதிலே கிட்டப்பார்வைக்காரர்களுக்கு இயற்கை ஒரு சலுகை தந்திருக்கிறது. மைனஸ் 2 அல்லது 2.50 உள்ளவர் ஐம்பது வயதிலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செய்தித்தாளைச் சுலபமாகப் படிப்பார். நாற்பத்து மூன்றில் லேசர் செய்து தூரப் பார்வையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால், தூரக் கண்ணாடி போய், படிக்கும் கண்ணாடி வந்து சேரும். பணமும் கொடுத்து, ஒரு கண்ணாடிக்கு மற்றொரு கண்ணாடியை வாங்கிக்கொண்டதாக அவர் உணர்ந்தால் அதில் வியப்பில்லை. ஆகவே முப்பத்தெட்டைக் கடந்தவர்கள் எவ்வளவு தூரம் தெரியும் என்று கேட்பதற்கு முன், கைப்பேசியைப் படிக்க என்ன செய்வேன் என்று கேட்க வேண்டும்.

ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைச் சற்றே மைனஸ் மீதம் வைத்துக் கிட்டத்துக்கும் அமைக்கும் மோனோவிஷன் முறை ஒரு வழி. எல்லோருக்கும் இது ஒத்துவராது; இரவில் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுபவர்களுக்குத் தொந்தரவாக இருக்கலாம். லேசருக்கு முன், அதே அளவு வேறுபாட்டைக் கான்டாக்ட் லென்ஸில் அமைத்துச் சில நாள் அன்றாட வேலைகளைச் செய்து பாருங்கள். பிடிக்காவிட்டால் லென்ஸைக் கழற்றிவிடலாம். லேசரை அப்படிக் கழற்ற முடியாது.

ப்ளஸ் பவர் உள்ளவர்களின் கணக்கு இதற்கு நேர்மாறானது. இளமையில் கண்தசை அந்தக் குறையை மறைத்துவிடும். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும்தான் அது முழுமையாக வெளிப்படும். மறைந்திருக்கும் பவரைச் சொட்டு மருந்து போட்டுக் கண்டறியாமல் இருபத்தைந்தில் செய்தால், பத்தாண்டுகளில் மீண்டும் ப்ளஸ் தெரியத் தொடங்கும். ப்ளஸ் பவருக்கான லேசர் பலன் காலப்போக்கில் ஓரளவு பின்வாங்குவதும் அதிகம் என்பதால், பெரிய எண்ணுக்கு அது ஏற்றதன்று.

ஐம்பதைக் கடந்த பின்

மேல் எல்லை வயது என்று விதி எதுவும் இல்லை. ஆனால் ஐம்பதுகளின் நடுவில் பலருக்குக் கண்புரையின் தொடக்கம் தெரியும். புரை அறுவையில் வைக்கும் செயற்கை லென்ஸிலேயே தூரப் பவரைச் சரிசெய்துவிடலாம் என்பதால், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு கருவிழியில் லேசர் செய்வது பெரும்பாலும் வீண் வேலை. கண் வறட்சியும் வயதோடு கூடுகிறது, குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு. லேசர் கருவிழியின் நுண்ணிய நரம்புகளை அறுப்பதால் அந்த வறட்சி இன்னும் மோசமாகலாம். இந்த வயதில் லேசரைப் பரிந்துரைக்கும் மருத்துவரிடம், லென்ஸில் புரையின் சுவடு இருக்கிறதா, அதன் பிறகும் ஏன் லேசர் என்று நேராகக் கேளுங்கள்.

எந்த வயதில் செய்துகொண்டாலும் சில தாள்களைப் பத்திரப்படுத்த வேண்டும்: சிகிச்சைக்கு முந்தைய பவர், கருவிழியின் வளைவைக் காட்டும் கே அளவுகள், கனம், ஸ்கேன் படங்கள், எவ்வளவு திசு அகற்றப்பட்டது என்ற விவரம். செதுக்கப்பட்ட கருவிழியில் புரை அறுவைக்கான லென்ஸ் பவரைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரங்கள் தவறிப்போகும். முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து உங்களுக்குப் புரை அறுவை செய்யும் மருத்துவருக்கு இந்தத் தாள்கள் பெரிதும் உதவும். மருத்துவமனை அவ்வளவு காலம் கோப்புகளை வைத்திருக்கும் என்று நம்பியிருக்காமல், ஒரு படியை வீட்டில் சொத்துப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள். மைனஸ் 6க்கு மேல் இருந்தவர்கள், கண்ணாடி இல்லாமல் எல்லாம் தெளிவாகத் தெரிந்தாலும், நீண்ட விழிக்கோளமும் மெலிந்த விழித்திரையும் அப்படியேதான் இருக்கின்றன என்பதால், ஆண்டுக்கொருமுறை கண்பாவையை விரித்து விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். இடையில் திடீரென மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, பார்வையின் ஓரத்தில் திரை விழுந்தாற்போல் இருந்தாலோ, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.